தேரைக்குப் போட்ட உப்பு

துவைக்கிற கல்லுக்கு முன்னால் மண்டிபோட்டு, ஒரு கையில் காலி பெயிண்ட் டப்பாவும் இன்னொரு கையில் விளக்குமாற்றுக் குச்சியுமாக, அனுவின் அப்பா தேரை பிடித்துக்கொண்டிருந்தார். மாடம்பாக்கத்தில் பாதி வீடுகளுக்கு மணலும் செங்கல்லும் சப்ளை செய்கிற ஏகநாதன், லாரி டிரைவர்களைப் போனிலேயே நடுங்க வைக்கிறவர், செவ்வாய்க்கிழமை விடிந்தும் விடியாமலும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கல்லிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். குச்சியை விட்டு நோண்டினால் தேரை இன்னும் உள்ளே போனது. நிறுத்தினால் தலையை மட்டும் நீட்டி, அவ்வளவுதானா என்பது போலத் தொண்டையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

பின்வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள் பூவம்மாள் பெரியம்மா. அம்மாவுக்கு அக்கா. பெரும்பாக்கத்திலிருந்து இதற்கென்றே முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள்.

“இன்னா மாப்ள, பொண்ணு பாக்க வந்தவன் மாரி குந்திகினு கீற? கைய வுட்டு இஸ்துப் போடு.”

“கைய வுட்டா மூத்திரம் அடிக்குதுக்கா.”

“அடிச்சா இன்னா? நாலு பெத்தவ நான், எம்மேல அடிக்காததா? தொடச்சிகினு வேலயப் பாரு.”

அம்மா சிரித்துவிட்டாள். கைக்குழந்தை தீனாவை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி, தோள் குலுங்கச் சிரித்தாள். எழும்பூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகு அம்மா சிரித்து அனு பார்க்கவில்லை. அப்பாவும் தலையைத் தூக்கி அந்தச் சிரிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் டப்பாவைத் தூர வைத்துவிட்டு வெறுங்கையைக் கல்லுக்கடியில் விட்டார்.

பிடிபட்டதைப் புதுப் பானைத் தண்ணீரில் விட்டு, தட்டால் மூடினார்கள். பால் பொங்கி இறங்குகிற நேரம் அது உள்ளே இருக்க வேண்டும். பிறகு அதைத் தெருக்கோடியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, அந்தத் தண்ணீரைச் சுடவைத்துக் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும். இப்படி மூன்று செவ்வாய். குழந்தையிடமிருந்து தேரை எடுத்துக்கொண்ட சத்தைத் தேரை இருந்த தண்ணீர் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது பெரியம்மாவின் நியாயம். பானையை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனது அனுதான். உள்ளேயிருந்து அது மண்சுவரை முட்டியது. ஒவ்வொரு முட்டலுக்கும் அவள் தட்டைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டாள்.

தேரைகள் வந்தது வீட்டுக்குப் பின்னாலிருந்த குட்டையிலிருந்து. வீடு கட்டும்போது கடைக்கால் நிரப்ப மண் எடுத்த பள்ளம் அது. மூடிக்கொள்ளலாம் என்று விட்டது, அடுத்த வருஷத்து மழையில் ஏரி நிரம்பி ஊற்றெடுத்ததும் குட்டையாகவே நின்றுவிட்டது. தண்ணீரில் கிடப்பவை தவளை, பாத்ரூம் மூலையில் உட்காருபவை தேரை. அந்த வீட்டில் அவ்வளவுதான் வித்தியாசம். ஷூவை உதறாமல் அனு கால் விட்டதில்லை. பாத்ரூம் கதவைத் திறக்கும் முன் எல்லோரும் ஒருமுறை காலைத் தட்டுவார்கள். உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனாலும் அந்தப் பழக்கத்தில் தட்டிவிட்டு முழிப்பார்கள். மழை பெய்த இரவுகளில் டிவியைச் சத்தமாக வைத்தாலும் வசனம் கேட்காது. அனு பிறந்து பதினாலு வருஷம் கழித்து, வேண்டாத கோயில் இல்லை என்று வேண்டிப் பிறந்த தீனாவை வீட்டுக்குக் கொண்டுவந்த இரவும் அப்படித்தான் கத்தின. “உன்னைய வரவேற்கறாங்கடா டேய்” என்று அவள் அவன் காதில் சொன்னாள்.

எட்டு மாதமாகியும் அவனுக்குத் தலை நிற்கவில்லை. தோளில் போட்டால் ஈரத்துண்டு மாதிரி தொங்கினான். மடியில் கிடத்தினால் இரண்டு காலும் முட்டி மடங்கிப் பக்கவாட்டில் விழுந்துவிடும். தூக்கி நேராக வைத்தாலும் மறுபடி விழும். கண் மட்டும் ஓயாது. ஃபேன் இறக்கையை, அம்மா தோட்டை, அனுவின் ரிப்பனை, எது அசைந்தாலும் கூடவே போகும்.

எழும்பூரில், அம்மா அவனை ரத்தம் எடுக்க உள்ளே கொண்டுபோயிருந்தபோது டாக்டர் அப்பாவைக் கூப்பிட்டார். இங்கிலீஷில் சொன்னால் புரிய வேண்டுமே என்று அப்பா அனுவையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஆனால் டாக்டர் தமிழில்தான் சொன்னார். மெதுவாக, இரண்டு தடவை.

“பிறவியிலயே நரம்புல வர்ற கோளாறுங்க. அறிவுக்கு ஒண்ணும் குறை இல்ல. நல்லா பாப்பான், சிரிப்பான். தசைதான் வேலை செய்யாது. மொதல்ல கை கால், அப்புறம் மூச்சு விடற தசை. இதுக்கு மருந்து கிடையாது. ரெண்டாவது பொறந்தநாள் வரைக்கும் இருக்கறதே கஷ்டம். சளி மட்டும் பிடிக்காம பாத்துக்குங்க.”

“வேற எங்கனா இட்டுகினு போனா?”

“எங்க போனாலும் இதேதான் சொல்லுவாங்க.”

தாம்பரம் ரயிலில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து தீனாவுக்கு மரங்களைக் காட்டிக்கொண்டு வந்தாள். கதவோரம் நின்றிருந்த அப்பா அனுவின் காதருகே குனிந்தார். “அம்மா கைல சொல்லாத. தாங்க மாட்டா. சத்து கம்மின்னு சொல்லிக்கலாம். நமக்குள்ளயே இருக்கட்டும், இன்னா?” அந்த ‘நமக்குள்ளயே’ என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பள்ளிக்கூடம் போனாள், கணக்குப் போட்டாள், சாப்பிட்டாள். ராத்திரி பயத்தில் எழுந்து உட்கார்ந்தால், கூடத்தில் அப்பாவும் எழுந்து உட்கார்ந்திருப்பார். அப்பா விழித்திருக்கிறார் என்பதே அவளைத் தூங்க வைக்கும்.

சத்து கம்மி என்று அவர்கள் சொன்ன பொய்தான் தேரைக்குக் கதவைத் திறந்துவிட்டது. விஷயம் கேள்விப்பட்டு வந்த பெரியம்மா குழந்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பாலு குடிக்கிறான், பருப்புத்தண்ணி குடிக்கிறான், அப்பால சத்து எங்கடி போவுது?” என்றாள். “தேரை மோந்த தேங்கா பாத்துகீறியா? வெளிய குண்டா கீது, ஒடச்சா உள்ள ஒண்ணும் இருக்காது. இது அதான். குட்டய பக்கத்துல வச்சிகினு புள்ள பெத்துகீறீங்க. கால பாரு, அது குந்தற மாரியே வச்சிகினு கீறான்.” அம்மாவின் முகத்தில் எதுவோ தெளிந்தது. காரணம் கிடைத்துவிட்டது. காரணம் இருந்தால் வழியும் இருக்கும். அனு அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தார்.

மூன்றாவது செவ்வாய் குளித்த அன்றே தீனாவுக்குச் சளி பிடித்தது. எல்லோருக்கும் பிடிக்கிற சளிதான். ஆனால் அவனுக்கு இருமத் தெரியவில்லை. இருமலுக்கான வாயைத் திறந்து, அப்படியே வைத்திருந்தான். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு உள்ளே போய் வயிறு மேலே வந்தது. சீக்கிரம் சீக்கிரமாக, மெல்லிய தோலுக்குள் எதுவோ துள்ளுகிற மாதிரி. அம்மா அசந்து தூங்கிய இரவில் அனு அவன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. யாருக்கும் கேட்காது.

“டேய், உனக்கு இன்னான்னு எனக்குத் தெரியும்டா” என்றாள். “அப்பாக்கும் தெரியும். தேரைல்லாம் இல்லடா. நான்தான் அந்தப் பானைய தூக்கினு வந்தேன். டாக்டர் சளி பிடிக்கக் கூடாதுன்னு சொன்னாருல்ல, தெரிஞ்சும் தூக்கினு வந்தேன். எனக்குப் பயமா இருக்குடா. நீ யார் கிட்டயும் சொல்லாத.”

இருட்டில் அவன் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் பெரியம்மா வந்து, “ஒண்ண இட்டுகினு போய் வுட்டா பத்து வருது. எப்டி வுடும் புள்ளய? குட்டய மூடு மாப்ள” என்றாள். அம்மாவும், “மூடிடுங்க” என்றாள். சேலையூரில் இடித்த ஒரு பழைய வீட்டு ரப்பிஷ் இரண்டு லோடு வந்தது. உடைந்த செங்கல், சிமெண்ட் பாளம், பூப்போட்ட பாத்ரூம் டைல்ஸ். லாரியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு டிரைவர் துரை இறங்கிவந்து குட்டையை எட்டிப் பார்த்தான்.

“சார், உள்ள நெறய உசுரு கீது சார். முட்ட கூட வுட்டுகீது பாரு, நுர மாரி.”

“நீ லோட அட்றா.”

“பாவம் சார், ரெண்டு நாள் தண்ணிய எறச்சிட்டு…”

“அட்றான்னு சொன்னா அடி!”

துரை அனுவைப் பார்த்தான், தோளைக் குலுக்கினான், ஏறி லீவரை இழுத்தான். தண்ணீர் கறுப்பாக எழும்பி நாலாபக்கமும் வழிந்தது. அதோடு சேர்ந்து அவையும் வழிந்தன.

சாயங்காலமே வீட்டுக்குள் வந்துவிட்டன. கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், செருப்பு அடுக்கில், அரிசி டிரம்முக்கு அடியில், போக வேறு இடம் இல்லாதவையாக மண் அப்பிய முதுகோடு உட்கார்ந்திருந்தன. அம்மா தீனாவைத் தூக்கிக்கொண்டு கட்டில் மேல் ஏறிக் கத்தினாள். அப்பா மண்வெட்டியை எடுத்தார்.

முதலில் தள்ளுவதற்குத்தான் எடுத்தார் என்று அனு நினைத்தாள். கொல்லைக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் போட்ட முதல் அடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தாள். அப்பா லுங்கி அவிழ்ந்தது தெரியாமல் வெறும் டிராயரோடு நின்று வெட்டிக்கொண்டிருந்தார். செத்ததையே திரும்பத் திரும்ப வெட்டினார்.

“எம் புள்ளதான் கெடச்சானா உங்களுக்கு? எம் புள்ளதான் கெடச்சானா?”

“அப்பா.” அவள் அவர் கையைப் பிடித்தாள். அம்மாவுக்குக் கேட்காமல், “அப்பா, டாக்டர்தான் சொன்னாரே” என்றாள்.

அவர் திரும்பினார். வேர்வையும் கண்ணீரும் சேர்ந்து வழிந்த முகம். அதில் அவள் தேடியது இல்லை.

“டாக்டருக்கு இன்னாடி தெரியும்? ரெண்டு நிமிசம் பாத்தான். தூக்கினான், வச்சான், சொல்லிட்டான். நான் பாக்கறேன்டி தெனமும். முந்தாநாளு வெரல அசச்சான், நான் பாத்தேன். இதுங்கள ஒழிச்சா சரியாப்பூடும். போ, உள்ள போயி உப்பு எத்துனு வா.”

அவர் சும்மா சொல்லவில்லை. அம்மாவுக்காகவும் சொல்லவில்லை. அம்மா அங்கே இல்லவே இல்லையே. அனு உள்ளே போய்க் கல்லுப்பு ஜாடியை எடுத்தாள். இனி இந்த வீட்டில் உண்மை தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அன்றிலிருந்து ராத்திரியில் சத்தமே இல்லை. கத்துவதற்கு எதுவும் மிச்சமில்லை. இத்தனை வருஷத்தில் அந்த வீட்டுச் சுவர்க்கடிகாரம் இப்படி ஓடும் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு மேலே, கிழிந்த பையை ஊதி ஊதி விடுகிற மாதிரி, தீனாவின் மூச்சு கேட்டது. தலையணையைக் காதில் அழுத்தினாலும் கேட்டது. எழுந்து உட்கார்ந்து கூடத்தைப் பார்த்தாள். அப்பா வாயைத் திறந்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

விளக்கு வைத்ததும் எல்லா வாசற்படியிலும் உப்புத் தூவுவது அவள் வேலையாயிற்று. பட்டால் தோல் எரியும், தேரை தாண்டாது என்று பெரியம்மா சொல்லியிருந்தாள். ஐந்தாறு நாள் கழித்து ஒரு சாயங்காலம், அம்மா அடுப்படியில் கஷாயம் வைத்துக்கொண்டிருந்தாள். தீனா கூடத்துப் பாயில் ஒருக்களித்துக் கிடந்தான். அப்படிக் கிடந்தால்தான் இப்போது மூச்சு கொஞ்சம் சுலபமாக வந்தது. அனு உப்பை அள்ளிக்கொண்டு பின்வாசலுக்குப் போக எழுந்தபோது, அவன் கண் அவளைவிட்டு நகர்ந்து கீழே எங்கோ போவதைப் பார்த்தாள்.

சுவரோரமாக ஒன்று வந்துகொண்டிருந்தது. சின்னது. பின்னங்கால் ஒன்று நசுங்கி, இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டு அடி வைக்கும், நிற்கும், தொண்டை துடிக்கும். மறுபடி வைக்கும். தீனாவின் கண் அதோடு வந்தது. அது நின்றால் நின்றது, நகர்ந்தால் நகர்ந்தது. பாய் ஓரத்துக்கு வந்து அது அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தது. சளி கட்டிய வாய் மெல்லத் திறந்து, அவன் சிரித்தான். சத்தமில்லாத, முகம் முழுவதுமான சிரிப்பு.

“அனு! இன்னாடி சத்தமே காணோம்? தேரை எதுனா வந்துதா?”

கையில் உப்பு ஈரமாகி விரலிடுக்கில் கசிந்தது.

“இல்லம்மா.”

தேரையின் தொண்டை ஏறி இறங்கியது. அதற்கு எதிரே அவன் வயிறு ஏறி இறங்கியது. இரண்டில் எது முதலில் நிற்கும் என்று பார்ப்பவள் போல, கையை மூடிக்கொண்டு அவள் நின்றாள்.