முதுகு காட்டிய எலிகள்

அகாண்டே எலிகளின் மருந்தைத் திருடிக் குடித்த வாரம், மூன்றாம் வரிசைக் கூண்டுகளில் இருந்த பத்து ஆண் எலிகளும் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தன. அவற்றுக்குப் பின் அந்த விலங்குக் கூடத்துக்கு வந்த எலிகளும் பதினோரு ஆண்டுகளாக அப்படியேதான் உட்காருகின்றன. அதே வாரம் ஓகே-ஓமியில் மரவள்ளி மாவின் விலை ஏறியது. ஊர் அதைப் பற்றித்தான் பேசியது.

அகாண்டே பகலில் பல்கலைக்கழக எலிகளுக்குத் தீனி போட்டான், மாலையில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டினான். அந்தச் சாலைகளில் இடுப்பு தாங்காது என்று ஓட்டுநர்கள் எல்லோரும் டிராமடால் என்ற வலி மாத்திரை போட்டார்கள். அவனும் ஆறு வருடமாகப் போட்டான். கல்யாணமாகி நான்கு வருடம் ஆகியும் பிள்ளை இல்லை. அவன் அக்கா தோயின் வெள்ளிதோறும் ஒரு பாட்டில் வேர்க் கஷாயத்தோடு வந்து நின்றாள். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி. எங்க பரம்பரையில மலடுங்கிற பேச்சே கிடையாது," என்பாள். பஸ் நிலையத்தில் பயறு வடை சுட்டு விற்கும் அவன் மனைவி அஷாபி அதைக் குடித்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

அந்தச் சமயத்தில்தான் எனியோலா என்ற ஆராய்ச்சி மாணவி நான்கு வரிசை எலிகளோடு வந்தாள். முதல் வரிசைக்கு வெறும் தண்ணீர், இரண்டாவதற்கு டிராமடால், மூன்றாவதற்கு டிராமடாலோடு கசப்புக் கோலாக் கொட்டையின் சாறு, நான்காவதற்குச் சாறு மட்டும். மாத்திரை ஆண்களின் விந்தைக் கெடுக்கிறதா, சாறு அதைக் காக்கிறதா என்பதுதான் கேள்வி. அவள் பேராசிரியரிடம் விளக்கியதை, தரையைக் கழுவிக்கொண்டிருந்த அகாண்டே கேட்டான். கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டான். ஆறு வருட மாத்திரைகளையும் அன்று இரவு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான்.

ஆண்மைக்கு நல்லதென்று பேர்பெற்ற கசப்புக் கோலா ஓகே-ஓமியில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் விற்பவர்கள் அஷாபியின் அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்கள். எந்த ஆண் வந்து வாங்கினாலும், "என்னண்ணே, வீட்ல வண்டி ஸ்டார்ட் ஆகலியா?" என்று நிலையமே சிரிக்கக் கத்துவார்கள். அந்தச் சிரிப்புக்குப் பயந்து அவன் எலிகளிடம் திருடினான். தினமும் மூன்றாம் வரிசையின் சாற்றைத் தான் குடித்துவிட்டு, பாட்டிலில் தேயிலைத் தண்ணீரை நிரப்பி வைத்தான். மாத்திரையையும் விட்டான்.

முடிவு வந்தபோது மூன்றாம் வரிசை எலிகள் இரண்டாம் வரிசையைப் போலவே பாழாகியிருந்தன. கொட்டையால் ஒரு பயனும் இல்லை என்று பேராசிரியர் ஏட்டை மூடினார். எனியோலா படிப்பை விட்டுச் சந்தையில் துணிக்கடை வைத்தாள். எலிகளைப் பார்த்து ஊர் ஆடுகளும் கோழிகளும் அவனுக்கு முதுகு காட்டத் தொடங்கின. ஆட்டைப் பின்பக்கமாகவே அறிந்தவன் என்று கேலி செய்தார்கள். காரணம் அவனுக்கு மட்டும் தெரியும். அவனும் சேர்ந்து சிரித்தான், அதைவிடக் கேவலம் வேறில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அஷாபிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொண்டுவந்து அகாண்டேயின் கையில் கொடுத்தார்கள். குழந்தை மெல்லப் புரண்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

எட்டாம் நாள் பெயர் சூட்டு விழா. தேன், உப்பு, தண்ணீர் எல்லாம் நாக்கில் தடவியாயிற்று. நீண்ட ஆயுளுக்கு என்று பெரியவர் கசப்புக் கோலாவைக் கையில் எடுத்தார். "எல்லாம் என் கஷாயம் பண்ணின வேலை," என்றாள் தோயின். "இவ வயித்தைக் கழுவி எடுத்ததே நான்தான்!"

கொட்டைத் துண்டு அகாண்டேயிடம் வந்தது. அவன் கடிக்கவில்லை.

"கோளாறு என்கிட்டதான் இருந்துச்சு," என்றான். "மாத்திரை போட்டேன். அந்தப் பொண்ணோட எலி மருந்தைத் திருடிக் குடிச்சேன். என் நோய்க்கு இவ கஷாயம் குடிச்சா." முகத்தைத் தூக்க முடியாமல் பாயைப் பார்த்தே பேசினான்.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். அஷாபி குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும். உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு? வாராவாரம் பைக்குள்ள மாத்திரை உறை கெடக்கும். அது என்ன பண்ணும்னு நிலையத்துல தெரியாத பொம்பளை இல்ல. நீங்களா ஒரு நாள் சொல்லுவீங்கன்னுதான் நாலு வருஷம் குடிச்சேன்."

அவன் சாகும் அளவுக்கு வெட்கப்பட்டான். ஆனால் சாகவில்லை.

மறுநாள் துணிக்கடை வாசலில் போய், பெரியவர்கள் முன் விழுவதுபோல் எனியோலாவின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து திருட்டைச் சொன்னான். வெகுநேரம் அவனை எழச் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தவள், கடைசியில், "சாறு அலமாரிச் சாவி இனிமே என் இடுப்புல இருக்கும்," என்றாள். பேராசிரியர் மூடிய ஏட்டைத் திறக்க வைத்துச் சோதனையை மறுபடி செய்தாள். மூன்றாம் வரிசை எலிகள் ஏறக்குறைய முதல் வரிசையைப் போலவே தேறின. அவள் இழந்த ஒரு வருடம் மட்டும் திரும்பவில்லை. அந்த எலிக் கூண்டு நாற்றத்துக்கு வேறு ஆள் கிடைக்காததால் அகாண்டேயை வேலையில் வைத்துக்கொண்டார்கள்.

எலிகள் இன்னும் அவன் பக்கம் முகம் திருப்பவில்லை. அவன் அவற்றின் பின்பக்கமாகவே தீனி வைக்கிறான். மகளுக்கு இப்போது பத்து வயது. பள்ளிக்குப் போகையில் மோட்டார் சைக்கிளில் அவனுக்கு முதுகு காட்டி, பின்னால் ஓடும் சாலையைப் பார்த்து உட்காருவாள். "அப்பா, லாரி வருது, ஒதுங்கு," என்பாள். அவன் ஒதுங்குவான். வழி முழுக்க அவள் முதுகு அவன் முதுகில் சாய்ந்திருக்கும்.