காத்திருப்பு என்றொரு கட்டம்

நாளை காலை அந்தப் பழைய கம்ப்யூட்டரை நிறுத்தப் போகிறார்கள். நல்லது, நிறுத்தட்டும். அது போட்ட இரைச்சலில் என் காது பாதி போயிற்று. எல்லோரிடமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் மத்தியானம் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு அந்த அறையில் போய் உட்கார்ந்தேன்.

அங்கேதான் நானும் தம்பியும் ஒன்றாக வேலை பார்த்தோம். நகரத்து பஸ்களுக்கு மறுநாள் டைம்டேபிள் போடும் புரோகிராம் அவனுடையது. எந்தப் புரோகிராமுக்கு எப்போது முறை என்று உள்ளேயிருந்து தீர்மானிக்கும் கெர்னல் என் பொறுப்பு. மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் கழுகு. எது எப்போது ஆரம்பித்தது, எப்போது முடிந்தது என்று காட்டும் கண்காணிப்புத் திரைப் புரோகிராம் ஒன்றை அவரே எழுதி, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

“உன் தம்பியோடது ஆமை மாதிரி நகருதும்மா. ஒரு மணி நேரம் எடுக்குது. வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா அதுவும் வேண்டாம், அவனும் வேண்டாம்” என்றார் ஒரு நாள்.

தம்பி வாயே திறக்கவில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அவன் வாயையும் சேர்த்து எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

“ஏன்டா, நிஜமாவே அவ்வளவு நேரம் ஓடுதா?”

“தெரியலக்கா. வரிசையில நிக்குதோ என்னவோ.”

எது எவ்வளவு நேரம் வரிசையில் நின்றது என்பது கெர்னலுக்குத்தான் தெரியும். அதுவோ கல்லுளிமங்கன், வெளியே மூச்சு விடாது. நான் விட்டேனா? வரிசையில் சேரும்போது மணி பார், முறை வரும்போது மணி பார், இடைப்பட்டதைக் கூட்டிக்கொண்டே வா என்று அதற்குள்ளேயே எழுதினேன். யார் கேட்டாலும் இரண்டு கட்டமாகக் காட்டச் சொன்னேன்: ஓட்டம், காத்திருப்பு.

வெள்ளிக்கிழமை கழுகையே கூட்டிவந்து காட்டினேன். தம்பியின் புரோகிராம் ஓடியது நாலே நிமிஷம். மீதியெல்லாம் காத்திருப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, காத்திருப்பே இல்லாமல், விடாமல் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய கண்காணிப்புத் திரை. முதல் முறை எப்போதும் தனக்கே என்று முன்னுரிமை கொடுத்து வைத்திருந்தார் மனுஷன்.

“வேலியே பயிரை மேஞ்சிருக்கு சார்.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! நேரே போய்த் திரையை நிறுத்தினார். டீ ஆறுவதற்குள் டைம்டேபிள் வந்துவிட்டது. “அந்தக் கட்டம் இருக்கட்டும்மா” என்று மட்டும் சொன்னார்.

கழுகு போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. தம்பி கடல் தாண்டிப் போய்விட்டான். இன்று அதே கட்டங்களைத் திறந்தேன். மற்றதையெல்லாம் புது கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள். தம்பியின் புரோகிராம் மட்டும் தன் கடைசி டைம்டேபிளைப் போட்டுக்கொண்டிருந்தது. காத்திருப்பு: பூஜ்யம்.

இந்தப் பூஜ்யத்துக்காகத்தானே அன்று மல்லுக்கு நின்றேன்? இன்று பார்க்கச் சகிக்கவில்லை. போட்டிக்கு நிற்கக்கூட ஒரு நாதியில்லாமல் அது தனியாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கழுகின் திரை அழிக்கப்படாமல் ஒரு மூலையில் கிடந்தது. அதைத் தட்டி எழுப்பினேன். காத்திருப்பு மெல்ல ஏறத் தொடங்கியது. தம்பிக்கு போன் போட்டேன்.

“என்னக்கா, இந்த நேரத்துல?”

“ஒண்ணுமில்லடா. உன்னோடத வரிசையில நிக்க வச்சிருக்கேன்.”

“யாருக்குப் பின்னாடி?”

“கழுகுக்கு.”



“அவசரமில்லக்கா” என்றான். “நிக்கட்டும்.”