மேலே போகும் ஒயர்

...இரண்டையும் கழற்ற வேண்டாம், ஒன்று போதும், மாடியில் தம்பி வீட்டுக் கூடத்துக்குப் போகிற ஒயரை மட்டும், அவன் பெண்ணின் அறைக்குப் போகிறது இருக்கட்டும், பாவம் அந்தப் பெண் என்ன செய்தாள், என்று டிவி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவிக்கொண்டே அவள் தனக்குள் பேரம் பேசினாள், பேரம் படிந்ததும் தன்மேலேயே எரிச்சல் வந்தது, ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தவளுக்கு வருகிற புத்தியைப் பார், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு குடும்பம் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றைப் பார்க்க உட்காரப் போகிறது, அதில் மண்ணை அள்ளிப் போட வேண்டுமா, எதற்காக? யாராவது ஒருவர் மாடியிலிருந்து இறங்கி வர மாட்டார்களா என்பதற்காக. அவ்வளவுதான். படம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்து, இவள் ஒயரைத் திருகி மாட்டுகிற வரைக்கும் இந்த நாற்காலியில் கொஞ்சம் உட்கார்ந்திருக்க மாட்டார்களா... இது என்ன கொலைக் குற்றமா? இல்லைதான்.

பெட்டி கையில் தட்டுப்பட்டது. உள்ளங்கை அகலம்தான், ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு, மொட்டை மாடியில் நிற்கிற ஆன்டெனாவிலிருந்து வருகிற ஒயர் ஒரு பக்கம் நுழையும், மறுபக்கம் நாலு வாய், ஒவ்வொன்றின் கீழும் அவள் கையெழுத்தில் ஒரு சீட்டு. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் காலமெல்லாம் அமிலக் குப்பிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டிய கை, சும்மா இருக்குமா, பிள்ளைகளுக்கு அவள் 'லேப் அக்கா', எந்தக் குப்பி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள், அந்தப் பிள்ளைகள் இப்போது தெருவில் பார்த்தால் அடையாளம் கண்டுகொள்கிறார்களா, சிலர் சிரிக்கிறார்கள், எங்கேயோ பார்த்த முகம் என்கிற சிரிப்பு... கீழ்க் கூடம், அம்மா அறை, மேல் கூடம், மேல் அறை. அம்மா போனபிறகு அந்த அறையில் டிவி இல்லை, அந்த வாய்க்கு மட்டும் ஒரு சின்ன உலோக மூடி, காலியாக இருக்கிற வாயைத் திறந்து போட்டால் மற்றதற்குப் போகிறதையும் கெடுக்கும் என்று ஆன்டெனாக்காரர் மாட்டிவிட்டுப் போனது. ஆள் இல்லாத இடத்தை அடைக்கக்கூட ஒரு சாமான் விற்கிறார்கள், என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள். இன்றைக்கும் நினைத்தாள்.

இந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்தது வெறும் ஸ்ப்ளிட்டர், வருகிற கொஞ்சத்தை நாலாகப் பங்கு போட்டால் யாருக்கு என்ன மிஞ்சும், கொஞ்சம் காற்று பலமாக அடித்தால் போதும், படம் கட்டம் கட்டமாக உடையும், பாடுகிறவளின் மூக்கு ஒரு பக்கம் போகும் வாய் ஒரு பக்கம் போகும், குரல் பாதியில் அறுந்துவிடும், உடனே வெளிப்படியில் காலடி. யார் என்று காலடியிலேயே தெரியும். தம்பி பெண் என்றால் இரண்டிரண்டு படியாகத் தாவுவாள், "அத்தை, முக்கியமான எடத்துல நின்னுபோச்சு, சீக்கிரம்!" என்று வந்து நாற்காலிக் கையில் ஏறி உட்கார்ந்து அலுவலகத்து வம்பையெல்லாம் அவிழ்த்துவிடுவாள், தம்பி மனைவி என்றால் கையில் ஒரு கிண்ணம் இருக்கும், வெறுங்கையோடு வந்தால் வேலை வாங்க வந்ததாக ஆகிவிடுமாம். தம்பி வந்தால்தான் வேடிக்கை. ஒயரை இவள் அழுத்திப் பிடித்திருக்க, அவன் வாசலில் நின்று மேலே பார்த்து "வந்துடுச்சா?" என்று கத்துவான், "வந்துடுச்சு!" என்று மேலேயிருந்து பதில் வரும், அதற்கப்புறமும் போக மாட்டான், இங்கே கிடக்கிற செய்தித்தாளை எடுத்துப் பிரித்து, இதே செய்தித்தாள் மேலேயும் வருகிறது, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பான். அவளும் ஏன்டா போகவில்லை என்று கேட்டதில்லை.

கேட்காமல் இருந்தவள் சும்மாவும் இருந்திருக்கக் கூடாதா. ஓய்வு பெற்ற கையோடு பெரிய மனுஷியாட்டம் ஆன்டெனாக்காரரைக் கூப்பிட்டாள், பாவம் அவர்கள் எத்தனை தடவை ஏறி இறங்குவார்கள் என்று கரிசனம், அவர் மாடிக்கும் கூடத்துக்குமாக நடந்து பார்த்துவிட்டு, "ஒரு டிஸ்ட்ரிபியூஷன் ஆம்ப்ளிஃபயர் போட்டுட்டா போதும்மா. பங்கு போடுறதுக்கு முன்னாடி அதுவே சிக்னல ஏத்திக் குடுத்துடும். நாலு எடத்துலயும் கண்ணாடி மாதிரி தெரியும், இனிமே ஒருத்தரும் வந்து உங்களத் தொந்தரவு பண்ணமாட்டாங்க" என்றார். அந்த மனுஷர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், சொன்னது அப்படியே பலித்தது. படம் அன்றிலிருந்து ஒரு கட்டம் உடையவில்லை. படியில் காலடி கேட்கிறது, கேட்காமல் இல்லை, ஆனால் படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது, காலடிகள் இறங்கி நேரே வாசல் கேட்டுக்குப் போகும், கேட்டிலிருந்து நேரே மேலே போகும், இவள் கதவு வழியில் குறுக்கிடுவதே இல்லை.

சண்டை ஒன்றும் கிடையாது, அதுதான் சங்கடம், சண்டை என்றால் சமாதானம் பேசவாவது யாராவது வருவார்கள். பார்த்தால் சிரிக்கிறார்கள், "சாப்டாச்சா அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்கிறாள், ஆச்சு என்கிறாள், முடிந்தது. இவளே மேலே போகலாமே, போகலாம்தான், ஒரு தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு போனாள், மூன்று பேரும் எழுந்து நின்று உட்காருங்கள் உட்காருங்கள் என்று உபசரித்தார்கள், டிவியைக்கூட நிறுத்திவிட்டார்கள், விருந்தாளியைப் போல விளிம்பில் உட்கார்ந்துவிட்டு இறங்கி வந்தாள்... காரணம் இல்லாமல் வருகிறவள்தான் விருந்தாளி, படம் வரவில்லை என்று வருகிறவள் வீட்டு மனுஷி. அதற்கப்புறம் போகவில்லை. காலையில் எழுந்ததும் டிவியைப் போட்டுவிடுவாள், படுக்கிறவரை அது பாட்டுக்குப் பேசும், பார்க்கிறாளா என்றால் இல்லை, சமையலறையில் நிற்கிறபோது கூடத்தில் ஒரு குரல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நிகழ்ச்சியின் ஆரம்ப இசை கேட்டது, இங்கேயும் மேலேயும். இதுதான் சமயம். 'மேல் கூடம்' என்ற சீட்டுக்கு மேலே விரலை வைத்து இடப்பக்கம் திருகினாள், சுற்றுச் சுற்றாகக் கழன்று ஒயர் கையோடு வந்துவிட்டது, நடுவில் அந்த மெல்லிய செம்புக் கம்பி, இவ்வளவு மெலிசா, இதிலா இத்தனை நாள் தொங்கிக்கொண்டிருந்தோம். படியில் காலடி கேட்க வேண்டுமே என்று தன் டிவியை அணைத்தாள். கூடம் சட்டென்று பெரிதாகிவிட்டது. நாற்காலியின் மேலிருந்த துணிகளை எடுத்து உள்ளே போட்டாள், வருகிறவர்கள் உட்கார வேண்டாமா, தேநீருக்குத் தண்ணீர் வைக்கலாமா, வேண்டாம், எதிர்பார்த்திருந்ததாகத் தெரிந்துவிடும்... மேலே பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டேயிருந்தது. கைதட்டினார்கள், தம்பி ஏதோ சொன்னான், பெண் சிரித்தாள். வேறு ஒயரைக் கழற்றிவிட்டோமோ? சீட்டைக் குனிந்து பார்த்தாள், மேல் கூடம், சரிதான். மேல் அறையையும் கழற்றினாள், பாவம் அந்தப் பெண் என்பதெல்லாம் போயிற்று. மேலே இரண்டாவது பாட்டு ஆரம்பித்தது, ஒரு சொல் அறுபடாமல், கண்ணாடி மாதிரி.

இரண்டு கையிலும் இரண்டு ஒயரோடு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ, வெளிச்சம் மங்கிவிட்டது, விளக்குப் போடத் தோன்றவில்லை. அப்போதுதான் படியில் காலடி, வேகமான காலடி, ஆனால் கேட்டுப் பக்கம் போகவில்லை, கதவு படபடவென்று தட்டப்பட்டது. "அண்ணி! அண்ணி!" தம்பி மனைவி. ஒயர்களை அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போய்த் திறந்தாள். "என்ன அண்ணி இருட்டுல... ஒடம்பு ஏதும் சரியில்லையா? உங்க டிவி சத்தத்தையே காணோமே!" அவளுக்கு மூச்சு வாங்கியது, கையில் கிண்ணம்கூட இல்லை. ஒன்றுமில்லை, சும்மா அணைத்தேன், என்று சொல்லி, சொன்ன வாயோடு கேட்டேவிட்டாள், "மேல படம் நல்லா வருதா?" தம்பி மனைவி விழித்தாள். "அதுக்கென்ன அண்ணி, நெட்டுலதானே பாக்குறோம். நம்ம பொண்ணு ஒரு பொட்டி வாங்கி மாட்டுனாளே, அது ஆச்சு ரொம்ப நாள். உங்ககிட்ட சொல்லலையா?" சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன, சொல்லாவிட்டால் என்ன. "வந்து உட்காரு" என்றாள். "இல்ல அண்ணி, முடிவு சொல்லப்போறாங்க, அவர் வேற பதறிக்கிட்டு நிக்கிறார். உங்க டிவி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா எங்களுக்கு ஒரு நிம்மதி, தெரியுமா? காலைல நீங்க செய்தி போடுற சத்தம் கேட்டாத்தான் அவர் குளிக்கவே போவார். ரொம்ப நேரம் கேக்கலன்னா எறங்கிப் பாக்கணும்னு சொல்லிவெச்சிருக்கார். சரி, டிவியப் போட்டுக்குங்க அண்ணி, நான் வரேன்." போய்விட்டாள். நாற்காலி துணி இல்லாமல், ஆள் இல்லாமல் இருந்தது.

அப்படியானால் நாலு வாயில் மூன்றுக்கு மூடி வேண்டும், இன்னும் இரண்டு வாங்க வேண்டும், ஒற்றை டிவிக்கு எதற்கு இந்தப் பெட்டி, ஆன்டெனாவிலிருந்து நேரே ஒரு ஒயரை இழுத்து மாட்டினால் போதுமே என்று மனம் கணக்குப் போட்டது, ஆனால் அது மேலோட்டமான கணக்கு, அடியில் வேறொன்று ஓடியது... குளிக்கப் போகாமல் நிற்பானாமே, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இவள் சத்தத்துக்காக, சின்ன வயதிலும் அப்படித்தான், இவள் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறவரை தட்டில் கை வைக்க மாட்டான். வந்தது அழுகையா சந்தோஷமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ரிமோட்டைத் தேடி எடுத்தாள், போட வேண்டியதுதான், பதறிக்கொண்டு நிற்கிறான், விரலைப் பொத்தான்மேல் வைத்தவள் அப்படியே நின்றாள். இத்தனை நாளும் யாரும் ஏன் இறங்கி வரவில்லை? டிவி பேசிக்கொண்டிருந்தது, அதனால் வரவில்லை. துணைக்கு இருக்கட்டும் என்று போட்டுவைத்த சத்தம்தான் மேலே போய், நான் நன்றாக இருக்கிறேன், ஒருத்தரும் வர வேண்டாம் என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்ததா? இப்போது அழுத்தினால் அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார்கள். அழுத்தாவிட்டால்...

மேலே பாட்டுச் சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்து, இல்லை என்றே ஆகிவிட்டது. யார் ஜெயித்தார்கள் என்று சொல்லுகிற நேரம், இந்த நேரத்தில் குறைக்கிறார்கள் என்றால் அவள் டிவிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், மூன்று பேரும். அவளும் கையில் ரிமோட்டோடு தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.