தொப்பிக்கு வைத்த ரவை

மிருதங்கக்காரருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: மூணு நிமிஷம். வாசிப்பில் குறை வைத்துச் சம்பாதித்த பெயர் இல்லை அது. இருபது வருடமாக அவர் பக்கவாத்தியம் வாசிக்கும் பாடகி, மிருதங்கம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கினதுமே மடியோரமாக மூன்று விரலைக் காட்டிவிடுவார். மூன்று நிமிடத்தில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம். மேடையில் யார் நடுவில் உட்காருகிறார்களோ அவர்கள் வைத்ததுதான் சட்டம். மனிதரும் வாயைத் திறக்காமல் முடித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து தலையணையில் மிச்சத்தை வாசித்துத் தீர்ப்பார்.

இந்த வெளிநாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்டபோது மட்டும் பாடகி தானாகவே வாக்குக் கொடுத்தார்.

"அங்க உங்களுக்கு முழுசா கால் மணி நேரம், அண்ணா. நான் வாட்சைப் பார்க்கவே மாட்டேன்."

ஐம்பத்தெட்டு வயதில் அதை நம்பித்தான் அவர் விமானம் ஏறினார்.

வந்து இறங்கியதிலிருந்து சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஏழாம் பொருத்தம். பாடகிக்குக் கண்ணில் பட்டதையெல்லாம் ருசி பார்த்தாக வேண்டும். ரயில் நிலைய வாசலில் தள்ளுவண்டி, பாலத்தடியில் புகை மண்டிய கடை, எங்கே நாலு பேர் வரிசையில் நின்றாலும் ஐந்தாவது ஆளாகப் போய் நின்றுகொள்வார். மிருதங்கக்காரரோ ஒவ்வொரு கடையிலும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று, தலையில் கொம்பு வைத்துக் காட்டி, கையை இறக்கை மாதிரி அடித்துக் காட்டி, உள்ளே இருப்பது எது என்று விசாரிப்பார். கடைசியில் வாழைப்பழத்தோடு திரும்புவார். அண்ணா ஊர் பார்க்க வந்தாரா, வாழைப்பழம் பார்க்க வந்தாரா என்று பாடகி வயலின்காரரிடம் கேட்டார். வயலின்காரர் இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்து வைத்தார். பிழைக்கத் தெரிந்தவர்.

சனிக்கிழமை ரயிலில் பரிசோதகர் மிருதங்கத்தைச் சுட்டி, அதற்கு எங்கே டிக்கெட் என்று சைகையில் கேட்டார். அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கால் மரத்துப்போய் வந்தார் மிருதங்கக்காரர். எதிர் இருக்கையில் பாடகி ஒரு காகிதப் பெட்டியைத் திறந்து, வெள்ளைக் குழம்பில் மிதந்த எதையோ ரசித்துச் சாப்பிட்டார்.

அது ஞாயிற்றுக்கிழமை விடியும்போது வேலையைக் காட்டியது. சாயந்திரம் ஐந்து மணிக்குக் கச்சேரி. பாடகியோ படுக்கைக்கும் குளியலறைக்கும் நடையாய் நடந்தார். ரொட்டி, பழச்சாறு, எது உள்ளே போனாலும் வந்த வழியே திரும்பியது. வந்து பார்த்த டாக்டர், பயப்பட ஒன்றுமில்லை, வயிற்றில் ஏதாவது தங்கினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று சொல்லிவிட்டுப் போனார். விழா அமைப்பாளர் போனில் பேசினார். அம்மாவால் முடியாவிட்டால் பரவாயில்லை, வயலினும் மிருதங்கமுமாக ஒன்றரை மணி நேரத்தை நடத்திக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

ஒன்றரை மணி நேரம். மூன்று நிமிடத்துக்கு முப்பது மடங்கு என்று மனம் உடனே கணக்குப் போட்டது. அப்படிப் போட்டதற்காக அவருக்கு வெட்கமாகவும் இருந்தது.

பார்க்கப் போனபோது பாடகி கண்ணைத் திறக்காமலே பேசினார். "கொஞ்சம் ரவைக் கஞ்சி கிடைச்சா நிக்கும் அண்ணா. சின்ன வயசுலேர்ந்து எனக்கு அதுதான் கேக்கும்."

ரவை இருந்தது. அவர் பெட்டியில்தான் இருந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத்துக்குத் தொப்பி என்று பெயர். கச்சேரிக்கு முன்னால் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அதன் நடுவில் அப்பினால்தான் அந்தப் பக்கம் கனமாகப் பேசும். அப்பாவிட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டின சத்தம்தான். ஒரு கச்சேரிதானே என்று அவர் மனைவி சரியாக ஒரு கைப்பிடி ரவையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். பங்கு போட்டால் இரண்டுக்கும் உதவாது.

வேறு ரவை கிடைக்குமா என்று நான்கு தெரு சுற்றினார். ஞாயிற்றுக்கிழமை, எல்லாக் கடையும் இழுத்து மூடியிருந்தது. திரும்பி வந்து பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். அவருக்குக் கோபம்தான் வந்தது. கண்டதைத் தின்றது யார், பட்டினி கிடந்தது யார்? பேசாமல் இருந்தால் சாயந்திரம் மேடை முழுக்க அவருடையது. இருபது வருடத்துக்குச் சேர்த்து வாசித்துவிடலாம். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் அந்தம்மா ஓங்கரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை. மனதுக்குள் திட்டிக்கொண்டே கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்.

விமானத்தில் கொடுத்த உப்புப் பொட்டலம் ஒன்று சட்டைப்பையில் கிடந்தது. அதையும் போட்டு, ரவையைக் கொட்டிக் கிளறி, தட்டால் மூடி எடுத்துப் போனார். எங்கே கிடைத்தது என்று பாடகி கேட்டார். வீட்டில் கட்டிக் கொடுத்தார்கள் என்றார். அதில் பொய் இல்லை. கஞ்சி தங்கியது. பாடகி தூங்கினார், மூன்று மணிக்கு எழுந்து புடவை கட்டினார்.

மிருதங்கக்காரர் ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு வைத்த ரொட்டியில் மேல்தோலை உரித்துவிட்டு, உள்ளே இருந்ததைத் தண்ணீர் தொட்டுப் பிசைந்து தொப்பியில் அப்பினார். ஏதோ பேசியது. ஒப்பேற்றிவிடலாம் என்று நினைத்தார்.

பாடகி ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தார். குரல் முதலில் நூலாக வந்து, பிறகு பதமாகிவிட்டது. பெரிய பாட்டு முடிந்ததும் வாக்குக் கொடுத்தபடி மிருதங்கத்தின் பக்கம் தலையை அசைத்தார். அவர் ஆரம்பித்தார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது, காய்ந்த ரொட்டி வெடித்தது. அடிக்கு அடி வெள்ளைத் துணுக்கு மேடையில் உதிர்ந்தது, இடப்பக்கம் அட்டைப்பெட்டியாகிவிட்டது. இவ்வளவுதான் நமக்கு எழுதியது என்று, வாசிப்பை முடிக்கும் முத்தாய்ப்புக்கு எடுத்தார்.

பாடகி உதிர்ந்ததைப் பார்த்தார். தொடையில் தாளம் நிற்கவில்லை. லேசாகச் சாய்ந்து கேட்டார்.

"ரவை எங்கண்ணா?"

"உங்க வயித்துல இருக்கும்மா."

பாடகி ஒரு சுற்றுத் தாளம் முழுக்க அவர் முகத்தையே பார்த்தார். பிறகு இடது கையால் தன் வெந்நீர் பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் ஊற்றி, அத்தனை பேர் பார்க்க அவர் பக்கம் நகர்த்தினார். அவர் விரலை நனைத்து, உதிர்ந்ததைச் சேர்த்துப் பிசைந்து அப்பும்வரை, சபையில் பாடகியின் தாளம் மட்டும் கேட்டது. அவர் ஒரு தட்டுத் தட்டினார். தொப்பி பேசியது.

மறுபடி வாசிக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், பழக்க தோஷம், பாடகியின் இடது கையில் மூன்று விரல் மடியோரமாக எழுந்தது. அவரும் பார்த்தார், பாடகியும் பார்த்தார். பாடகி அந்தக் கையை அப்படியே தொடைக்கடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டு, மற்ற கையால் தாளம் போட்டார்.