ஸாதனா உண்டோ

“இத்தனை வக்கீலுக்கு எழுதிப் போட்டிருக்கேன், ஒருத்தர்கூடவா ஃபோன்ல விளிக்கல்லை? நிஜத்தைச் சொல்லுங்கோ மாமா.”

“விளிச்சா சொல்ல மாட்டேனாடி? மறைச்சு எனக்கென்ன லாபம்?”

“உங்க மருமான் வெங்கிடேஷும் ஜூனியர் வேலைதானே தேடறான்?”

மட்டாஞ்சேரியில் பிச்சுமணியின் பலசரக்குக் கடைக்கு வந்தவர்கள் அரிசி வாங்குவதை மறந்து நின்றார்கள். தொண்ணூற்றொன்றில் அந்தச் சந்துக்கே அவர் கடையில்தான் ஃபோன். சட்டம் முடித்த ஸாதனா எல்லா விண்ணப்பத்திலும் அந்த எண்ணையே கொடுத்திருந்தாள். மாமா வேண்டுமென்றே மறைக்கிறார் என்று அவளுக்குச் சந்தேகம். சந்துக்காரர்களுக்கோ அதில் சந்தேகமே இல்லை.

அப்போது ஃபோன் அடித்தது. பிச்சுமணி எடுத்தார். “ஸாதனா உண்டோ?” என்ற கனத்த குரல் அவளுக்கும் கேட்டது.

“சாதனமொக்கெ தீர்ந்நு. திங்களாழ்ச்ச வரும்” என்று சொல்லி அவர் வைக்கப்போனார். மலையாளத்தில் சரக்குக்குச் சாதனம் என்று பேர்; சரக்கெல்லாம் தீர்ந்தது, திங்கட்கிழமை வரும் என்கிறார்.

ஸாதனா ஃபோனைப் பிடுங்கினாள். பேசியவர் ஆலுவா வக்கீல். முன்பே இரண்டு முறை கூப்பிட்டு, தீர்ந்துவிட்டாள் என்று கேட்டு மிரண்டுபோனவர். உடனே வந்து சேரச் சொன்னார்.

“காது மந்தம்டி கொழந்தே” என்றார் பிச்சுமணி. கடன் கேட்பவன் முணுமுணுத்தாலே அவருக்குக் கேட்கும் என்பதால் அவள் நம்பவில்லை.

சில வருஷங்களில் ஸாதனா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய், இப்போது அங்கேயே வக்கீலாகக் கோர்ட்டுக்குப் போகிறாள். எந்த வக்கீலும் கூப்பிடாத வெங்கிடேஷ் பம்பாயில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் சேர்ந்து, மராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவனும் வக்கீல்களுக்குக் கொடுத்திருந்தது மாமா கடை எண்ணைத்தான்.