துரை சாப்பாடு

என் கணவர் மயில்சாமிக்கு வெள்ளைக்காரன் எது செய்தாலும் உசத்தி. அவன் தின்பது அதைவிட உசத்தி. பத்து வயதில் தன் அப்பாவோடு ஏற்காட்டுத் தோட்டத்துக்கு எலுமிச்சை மூட்டை கொண்டுபோனபோது, வெள்ளைத் துணி விரித்த மேசையில் துரை கத்தியும் முள்கரண்டியுமாகச் சாப்பிட்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். தட்டில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது என்பார். நாற்பது வருடமாக அந்த மேசைத்துணியை நினைத்தே மனிதருக்கு எச்சில் ஊறிக்கொண்டிருந்தது.

எண்பத்தைந்தாம் வருடம் அந்த எச்சில் என் நிலத்தில் வந்து விழப் பார்த்தது. நாமக்கல்லில் சேலம் ரோட்டை ஒட்டி எனக்கு அரை ஏக்கர் இருக்கிறது. கல்யாணத்தின்போது அப்பா என் பேரில் எழுதிக் கொடுத்தது. கோழிப்பண்ணை, லாரி, கிணறு எதிலும் எனக்குப் பேச்சு கிடையாது. அந்த அரை ஏக்கரில் மட்டும் என்ன விதைப்பது என்று நான்தான் சொல்வேன். அதில் 'லண்டன் ஓட்டல்' கட்டப்போவதாக ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, கடைசியாக என்னிடம் வந்து சொன்னார்.

இங்கிலாந்திலிருந்து கோழிக்குஞ்சுக் கம்பெனி ஆள் டேவிட் என்பவர் பண்ணையைப் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குத் துரை சாப்பாடு போட்டு, அவர் வாயால் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் ஆவணியில் அஸ்திவாரம். நிலத்தை என் கணவர் பேருக்கு மாற்றும் பத்திரம் என் கையெழுத்துக்காகப் பீரோவில் காத்திருந்தது.

"வெள்ளைக்காரரே சொல்லிப்போட்டா அப்பறம் உனக்கென்ன பேச்சு?" என்றார்.

சமைப்பதற்குக் கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து அருணகிரியைக் காரில் அழைத்துவந்தார். ஒரு காலத்தில் ஏற்காட்டு பங்களாவில் பட்லராக இருந்த கிழவர். மூன்று நாள் முன்னதாகவே வந்து என் சமையலறையைப் பிடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்தார். அருமையான மேச்சேரி ஆட்டுத் தொடைக்கறியை வெறும் தண்ணீரில் வேகவைத்தார். முட்டைக்கோசுக்கும் அதே கதி. மிளகாய் கிடையாது, மஞ்சள் கிடையாது, தாளிப்பு என்ற பேச்சே கிடையாது. காய்ச்சலில் படுத்தவனுக்குக்கூட நாங்கள் இதைவிட ருசியாகக் கஞ்சி வைப்போம்.

வேடிக்கை என்னவென்றால், மூன்று நாளும் அருணகிரி தான் சமைத்ததைத் தொடவே இல்லை. என் ரசத்தைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

"ஏனுங்க, உங்க சமையல நீங்களே சாப்பிடறதில்லீங்களா?"

"அது தொரைங்களுக்கு, அம்மணி. அங்கியும் நாங்க பின்னாடி உக்காந்து ரசஞ்சோறுதான் தின்னோம்."

இவருக்கு அந்தப் பின்பக்கம் மட்டும் ஜன்னலில் தெரியாமல் போயிருக்கிறது.

டேவிட் மத்தியானம் வந்தார். இங்கிலீஷ் தெரிந்த முட்டை வியாபாரி பாலசுந்தரம் கூட வந்தார். மேசை, வெள்ளைத் துணி, முள்கரண்டி எல்லாம் தயார். எங்கள் பக்கத்தில் விருந்தாளி போதும் என்றால் காதில் வாங்க மாட்டோம். கையை வைத்து மறைத்தால் விரல் சந்தில் பரிமாறுவோம். டேவிட் மூன்று தடவை தட்டை மறைத்தார். இவர் மூன்று தடவையும் வெந்த கறியை வைத்தார். அந்த மனிதர் முகம் சிவக்க விழுங்கிவிட்டு, நன்றாக இருக்கிறது என்று இங்கிலீஷில் சொன்னார்.

அந்த வார்த்தை எனக்கே புரிந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அரை ஏக்கர் போயிற்று என்று நினைத்தேன்.

ஆண்கள் எழுந்த பிறகு நான் சமையலறையில் தட்டோடு உட்கார்ந்தேன். பண்ணை ஆட்களுக்காக வைத்த நாட்டுக்கோழிக் குழம்பு இருந்தது. சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்திருப்பேன், கை கழுவக் கொல்லைக் குழாய்க்கு வந்த டேவிட் வாசற்படியில் நின்றார். சாப்பிடும்போது எதிரே யார் வந்தாலும் சாப்பிடக் கூப்பிட்டாக வேண்டும். இப்பத்தான் ஆச்சு என்று சொல்லி அவர்கள் நகர்ந்துவிட வேண்டும். ஜென்மப் பகையாளிக்கும் இதுதான் முறை.

"வாங்க, சாப்பிடலாம்" என்றேன்.

பின்னால் வந்த பாலசுந்தரம் அதை அப்படியே இங்கிலீஷில் சொல்லித் தொலைத்தார். பதிலுக்கு என்ன சொல்லி நகர வேண்டும் என்பது அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? என் எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல் போட்டேன். வியர்வை வழிய வழியச் சாப்பிட்டார். இரண்டு தடவை தானே கேட்டு வாங்கினார். இந்தத் தடவை கை தட்டை மறைக்கவில்லை. நடுவில் நிறையப் பேசினார்.

"அவுங்கூர்ல வெள்ளிக்கெழமையானா இந்தியச் சாப்பாட்டுக் கடையில கோழிக்கொழம்பு திங்க வரிசையில நிப்பாங்களாமா" என்று பாலசுந்தரம் எங்களுக்குச் சொன்னார். "வேகவெச்ச கறியும் கோசும் பள்ளிக்கூடத்துல அடிக்குப் பயந்து தின்னதாமா. அவுங்க சாப்பாட்டைச் சொன்னா பக்கத்து நாட்டுக்காரங்க சிரிக்கறாங்களாமா."

வாசற்படிக்கு வந்திருந்த என் கணவர், "அப்பறம் எதுக்கு நல்லாருக்குதுன்னாரு?" என்றார்.

"மருவாதிக்குச் சொன்னதுங்க."

அருணகிரி மிச்சக் கறியை நாய்க்குக் கொண்டுபோனார். அவர் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஒழிந்தது லண்டன் ஓட்டல் என்று நான் நிம்மதியாக இருந்தேன். டேவிட் கார் ஏறிப் போன கையோடு இவர் பத்திரமும் பேனாவுமாக என் முன்னால் வந்து நின்றார்.

"வசந்தா, லண்டன் ஓட்டல் வேண்டாம். உன்ற கொழம்ப வெச்சே அந்த அரை ஏக்கர்ல ஓட்டல் போட்டரலாம். உனக்கு எப்பேர்ப்பட்ட கைமணம், புள்ள."

பத்தொன்பது வருடம் இந்தக் குழம்பைத் தின்றவர். உப்புக் குறைந்தால் மட்டும் வாய் திறப்பார். ஒரு நாளும் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. முதல்தடவை கேட்கிறேன், சந்தோஷம் வரவில்லை, அருவருப்பாக இருந்தது.

"என்ற கொழம்பு நல்லாருக்குதுன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?"

"அதான் வெள்ளைக்காரரே சொல்லீட்டாரே."

பேனாவை வாங்கி மூடி, அவர் சட்டைப் பையிலேயே செருகினேன்.

"அப்பக் கையெழுத்தையும் அவரையே வந்து போடச் சொல்லுங்க" என்றேன்.