மருந்து வைக்காத பக்கம்

அன்று அந்த முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: கண்ணாடிக் கடையின் மூத்தவர், அவர் மனைவி, அவருடைய தம்பி, தம்பியின் மனைவி, தம்பியின் மாமனாராகிய ஓய்வுபெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர். எதிர்க்கடைத் தையல்காரர் அங்கே இல்லை. தான் வாசலில் நின்றதாகவும் எல்லாம் காதில் விழுந்ததாகவும் பிற்பாடு அவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாசல் கதவைத் தாழிட்டது மூத்தவரின் மனைவி. அந்த அம்மாள் தாழிட்ட கதவைத் தாண்டி ஒரு பேச்சும் வெளியே போனதில்லை.

நடந்ததை நடந்தபடி தெரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த வாரத்தின் திங்கட்கிழமைக்குப் போக வேண்டும்.

அண்ணனும் தம்பியும் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று வேலை செய்பவர்கள். மூத்தவர் கண்ணாடி அறுப்பார். இடக்கைக்காரர். வைர முனையை இடது கையில் பிடித்து ஒரே இழுப்பு இழுப்பார். இழுத்த கோட்டின்மேல் இரண்டாம் முறை போகமாட்டார். பேச்சிலும் அப்படித்தான். தம்பி சட்டம் அடிப்பார், வருகிறவர்களிடம் பேசுவார். குளியலறைக்குச் சின்னதாக ஒன்று வாங்க வந்தவரைச் சிரிக்க வைத்து ஆளுயரக் கண்ணாடியோடு அனுப்பிவிடுவார். தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை ஆளாக்கியவர் மூத்தவர். அந்தக் குடும்பத்தில் யாரும் யார்மேலும் கை வைத்ததில்லை என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம். மூத்தவர் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார். சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

தம்பிக்கு இன்னொரு கடை திறக்க வேண்டும் என்று ஆசை. பஸ் நிலையத்துப் பக்கம், வண்டிகளுக்குக் கண்ணாடி மாற்றும் கடை. மூத்தவர் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றே சொன்னார். திங்கட்கிழமை அந்தப் பேச்சு முற்றியது. தெருவில் போனவர்கள் நடையைக் குறைக்கும் அளவுக்குக் குரல் உயர்ந்தது.

"உங்க நிழல்லயே நின்னு நின்னு எனக்கு என் மூஞ்சியே மறந்துபோச்சுண்ணே" என்றார் தம்பி, சுற்றிலும் கண்ணாடியாக மாட்டியிருந்த கடையில் நின்றுகொண்டு.

மூத்தவரின் இடது கை எழுந்தது. தோளுக்கு மேலே போய் நின்றது. பிறகு இறங்கி, மேசையில் கிடந்த துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஒரு கண்ணாடியை மறுபடி துடைத்தது. அந்தக் கண்ணாடியில் தெரு தெரிந்தது, எதிர்க்கடை தெரிந்தது, இயந்திரத்தை மிதிக்காமல் இங்கேயே பார்த்துக்கொண்டிருந்த தையல்காரரின் முகமும் தெரிந்தது. மூத்தவர் துடைப்பதை நிறுத்தவில்லை.

மறுநாள் தம்பிக்குப் பல் எடுக்க வேண்டிய நாள். கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் ஞானப்பல் நேராக முளைக்காமல், பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டு சாய்ந்து படுத்திருந்தது. வெகு நாளாக வலி. தேதி எப்போதோ குறித்தது. சண்டை வந்தது என்பதற்காக மாற்ற முடியாது. துணைக்குப் போவதாக மூத்தவர் முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். ஆகவே போனார். பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

பல் மருத்துவமனையில் டாக்டர் ஓர் இளம்பெண். தாங்கள் ஓர் ஆய்வு நடத்துவதாகவும், தம்பிக்குச் சம்மதமானால் அவரையும் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார். இரண்டு பல்லையும் ஒரே தடவையில் எடுப்பார்கள். ஒரு குழியில் ஒரு ஜெல்லை வைத்துத் தைப்பார்கள். இன்னொன்றில் ஒன்றும் வைக்காமல் வழக்கம்போலத் தைப்பார்கள். எந்தப் பக்கம் வைத்தது என்று நோயாளிக்குச் சொல்லமாட்டார்கள்; பின்னால் வீக்கத்தை அளப்பவருக்கும் சொல்லமாட்டார்கள். ஆய்வு முடிந்த பிறகுதான் தெரியும்.

ஜெல்லின் பெயர் என்ன என்று மூத்தவர் கேட்டார்.

"ஹயலூரானிக் ஆசிட்" என்றார் டாக்டர்.

மூத்தவர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஆசிட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியில் பூவும் கொடியும் மங்கலாகத் தெரிய வேண்டுமானால் அவர்கள் தடவுவது அதைத்தான். கண்ணாடியைத் தின்கிற சாமான். இளவயதில் ஒரு சொட்டுப் பட்ட தழும்பு அவர் கட்டைவிரலில் இன்னும் இருக்கிறது.

"இவன் வாய்ல ஆசிட் ஊத்தறதுக்கு நான் கூட்டிட்டு வரலம்மா" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அது மூத்தவருக்குப் பிடித்தது. பெயரில்தான் ஆசிட், இது எதையும் தின்னாது என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் உடம்பிலேயே இருக்கிற பொருள்தான். மூட்டு வழுக்கிக்கொண்டு அசைவதும் தோல் ஈரம் காப்பதும் இதனாலும்தான். வழவழவென்று இருக்கும், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பல் எடுத்த இடத்தில் வைத்தால் சதை சீக்கிரம் மூடுகிறது, வீக்கமும் வலியும் குறைகிறது என்று சிலர் கண்டிருக்கிறார்கள். பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னவர்களும் உண்டு. அதனால்தான் ஒரே வாயில் ஒரு பக்கம் வைத்து, ஒரு பக்கம் வைக்காமல் பார்க்கிறோம் என்றார்.

மூத்தவர் அப்போதும் வேண்டாம் என்றார். ஏன் என்று டாக்டர் கேட்டதற்கும் வேண்டாம் என்றார்.

அதுவரை வாய் திறக்காமல் இருந்த தம்பி அப்போது பேசினார். "என் வாய், என் பல்லு. ரெண்டுல ஒண்ணையாவது என் இஷ்டத்துக்கு விடுங்கண்ணே."

மூத்தவர் உட்கார்ந்தார். தம்பி கையெழுத்துப் போட்டார்.

பல் எடுத்து வெளியே வந்தபோது தம்பியின் இரண்டு கன்னமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. வாயில் பஞ்சு. அதிகம் பேசக்கூடாது, வேகமாகத் துப்பக்கூடாது, உறிஞ்சுகுழல் போட்டுக் குடிக்கக்கூடாது, சூடாக எதுவும் கூடாது. மறுநாள் விடிந்தபோது வலது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு எழும்பியிருந்தது. இடது கன்னத்தில் லேசான புடைப்பு. தெரிந்தவர்கள் உற்றுப் பார்த்தால்தான் தெரியும். வலப்பக்கம் வலிப்பதாகவும் இடப்பக்கம் பல் எடுத்த ஞாபகமே இல்லை என்றும் தம்பி சைகை காட்டினார். தம்பியின் மனைவி ஆறின சூப்பைக் கரண்டியால் ஊட்டினாள். அண்ணன் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதற்கும் மறுநாள் தம்பி கடைக்கு வந்தார். படுத்துக் கிட என்று மனைவி சொல்லியும் கேட்கவில்லை. மேசையில் ஒரு சட்டம் பாதி அடித்தபடி கிடந்தது. கடையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வலது கன்னம்தான். வட்டக் கண்ணாடியில் ஒன்று, ஆளுயரக் கண்ணாடியில் ஒன்று, கைக்கண்ணாடிகளில் வரிசையாக. வாயாடி வாயைத் திறக்காமல் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

தெருவுக்கு வேறு என்ன வேண்டும்? சண்டையைக் காது கேட்டிருக்கிறது. ஓங்கிய கையைத் தையல்காரர் பார்த்திருக்கிறார். வீங்கிய கன்னம் கண்ணெதிரே இருக்கிறது. பேசாத தம்பி கோபத்தில்தான் பேசவில்லை. பல் எடுத்த கதையை யாரோ சொன்னபோது, "ரெண்டு பக்கமும் எடுத்தாங்களாம், ஒரு பக்கம்தான் வீங்குச்சாம். யார் காதுல பூ சுத்தறாங்க?" என்று தையல்காரர் கேட்டார். வலக்கைக்காரன் எதிரே நிற்பவனை அறைந்தால் இடது கன்னத்தில் விழும். இடக்கைக்காரன் அறைந்தால் வலது கன்னத்தில். அந்தத் தெருவில் எல்லோரும் அன்றைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். விடை எல்லோருக்கும் ஒன்றாகவே வந்தது.

மூத்தவரின் மனைவி காய்கறிக் கடையில் அதைக் கேட்டுவிட்டு வந்து கணவரிடம் சொன்னார்.

"நாலு பேர்கிட்ட விஷயத்தைச் சொல்லிடுங்க."

"தெருவுக்கு விளக்கம் சொல்ற ஆளா நான்?"

"நீங்க சொல்லலைன்னா அது தானா சொல்லிக்குது. அதுதான் நல்லா இல்ல."

அவர் அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடியைத் தொடர்ந்து அறுத்தார். ஆனால் கோடு ஒரு நூல் விலகியது. விளக்கம் சொல்வது கௌரவக் குறைச்சல் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் அந்த வீட்டில் அவருக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும். 'நான் கையே ஓங்கவில்லை' என்று அவரால் சொல்ல முடியாது. ஓங்கினாரா என்று யாராவது நேராகக் கேட்டுவிட்டால்?

நேராகக் கேட்கும் ஆள் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். தம்பியின் மாமனார். ஓடும் ரயிலில் நாற்பது வருஷம் டிக்கெட் பரிசோதித்தவர். மனிதர்களின் முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடிப்பேன் என்று சொல்லிக்கொள்பவர். மருமகனை அண்ணன் அடித்துவிட்டான் என்ற செய்தி ஊர் தாண்டி அவர் காதுக்குப் போயிருந்தது. மகளுக்கு ஃபோன் செய்து கேட்கவில்லை. பெட்டியோடு புறப்பட்டு வந்துவிட்டார்.

முன்னறையில் உட்கார்ந்ததும் மருமகனின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். மகள் பல் விஷயம், ஆய்வு, ஜெல் எல்லாவற்றையும் சொன்னாள். முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"எந்தப் பக்கம் அந்த மருந்து வெச்சாங்க?"

"அதை இப்போ சொல்லமாட்டாங்கப்பா."

"சரி. அளக்கற டாக்டருக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது. எதிர்க்கடைக்காரருக்கு மட்டும் தெரியுது" என்றார். அதில் கிண்டல் இருந்ததா என்று யாருக்கும் விளங்கவில்லை. பிறகு மூத்தவரைப் பார்க்காமலே பேசினார். தன் வீட்டு முன்பக்கம் இடம் காலியாகக் கிடக்கிறது. மாப்பிள்ளை கையில் தொழில் இருக்கிறது. வண்டிக் கண்ணாடிக் கடையை அங்கேயே போட்டுக்கொள்ளலாம். இன்றைக்கே தன்னோடு கிளம்பினாலும் சரி என்றார்.

மூத்தவர் தம்பியைப் பார்த்தார். தம்பி பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். கேட்ட கடை கிடைத்துவிடும். பேசக்கூடாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஒரே மேசை, ஒரே அடுப்பு, ஆளாக்கிய பிள்ளை எல்லாம் ஒரு பெட்டியோடு வாசல் தாண்டிப் போய்விடும். 'நான் அடிக்கவில்லை' என்று இப்போது சொன்னால் அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. பாதியைச் சொல்லிப் பழக்கமில்லை அவருக்கு.

அவர் எழுந்து நின்றார். முதுகு எப்போதும்போல நிமிர்ந்தே இருந்தது.

"சம்பந்தி, திங்கட்கிழமை நான் கை ஓங்கினேன். இந்தக் கைதான். அடிக்கல. ஆனா ஓங்கினேன். இந்த வீட்ல அதுக்கு முன்னால யாரும் ஓங்கினதில்ல."

மூத்தவரின் மனைவிக்கே அது புதிய செய்தி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தம்பி கன்னத்தில் ஒற்றியிருந்த துணியை எடுத்தார். மனைவி வேண்டாம் என்று கையைப் பிடித்தாள், விலக்கிவிட்டார். தாடை பாதிதான் திறந்தது.

"ஓங்கினாரு. நானும் ஓங்க வெக்கிற மாதிரிதான் பேசினேன். கை என்மேல படல, மாமா" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "கடை வேணும். ஆனா இப்படி வேணாம்" என்றார்.

பரிசோதகர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பெட்டியைக் காலால் நகர்த்தி நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.

"நாப்பது வருஷ சர்வீஸ்ல, டிக்கெட் இல்லாத ஒருத்தன்கூடத் தானா எழுந்து நின்னு சொன்னதில்ல" என்றார். மகளைப் பார்த்து, "மத்தியானம் சாப்பாடு உண்டா, இல்ல இந்த வீட்ல எல்லாருக்கும் சூப்தானா?" என்று கேட்டார்.

அடுத்த வாரம் தையல் பிரிக்க அண்ணனும் தம்பியும் சேர்ந்து போனார்கள். வேறொரு டாக்டர் வந்து, காது மடலின் அடியிலிருந்து வாயின் ஓரம் வரை நாடா வைத்து இரண்டு கன்னத்தையும் அளந்தார். ஒவ்வொரு பக்கமும் இரண்டு முறை. மூத்தவர் பக்கத்தில் போய் நின்று கவனித்தார். நாடா தொய்யாமல் பிடித்த விதம் அவருக்குத் திருப்தியாக இருந்தது. எந்தப் பக்கம் மருந்து என்று அளப்பவருக்கே தெரியாது என்று தம்பி நினைவுபடுத்தியபோது, அதுதான் சரி, என்ன வரவேண்டும் என்று ஆசைப்படுகிறவன் அளந்தால் அளவு சாயும் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அவராகவே பேச்செடுத்தார். பழைய கடை இருக்கிறபடியே இருக்கட்டும். பஸ் நிலையத்துப் பக்கம் நீ ஒன்று போடு. ஒரு வருஷம் கழித்து இரண்டையும் வைத்துப் பார்ப்போம் என்றார். தம்பி இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

ஆய்வு முடிந்தபின் மருத்துவமனையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தம்பிக்கு ஜெல் வைத்தது இடது பக்கம். வலது பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு வாயை வைத்து எதையும் முடிவு கட்டக்கூடாது, எல்லோருடைய அளவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் பல் எடுத்த அந்த இளம் டாக்டர் சொன்னார். தெருவில் யாருக்கும் மூத்தவர் இதைச் சொல்லவில்லை. தையல்காரருக்கு மட்டும், புதுக் கடை திறப்புக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

தம்பியை அறைந்ததற்கு ஈடாகத்தான் மூத்தவர் அந்தக் கடையைக் கொடுத்தார் என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். அது பொய். அவர் கை ஓங்கினார், அடிக்கவில்லை. வீங்கியது மருந்து வைக்காத பக்கம்.